கண்காட்டுவார்: தென்சென்னைப் புறநகரில் மாற்றுத்திறனாளிகளின் உறைவிட வரலாறு

முன்னுரை

தமிழக வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர்தம் போரையும் கொடையையும் விரித்துரைத்தனர். கோயில்களின் வளர்ச்சியையும் வணிகத்தின் பெருக்கத்தையும் ஆராய்ந்தனர். கண்ணொளி இழந்தோர், நடக்க இயலாதோர், செவிப்புலன் அற்றோர், உளநோயால் வருந்தினோர் ஆகியோர் எங்கு உறைந்தனர், யாருடன் உறைந்தனர் என்னும் வினா அவ்வரலாறுகளில் பெரிதும் எழுந்ததில்லை. சான்றின்மையை இதற்குக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. இலக்கியத்திலும் கல்வெட்டிலும் சட்டங்களிலும் சிதறிக் கிடக்கும் சான்றுகளை ஒருசேர வைத்து நோக்கும் முயற்சி குறைந்தமையே காரணம் எனலாம்.

இக்கட்டுரை அவ்வினாவைத் தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் களமாகக் கொண்டு ஆராய்கின்றது. கிழக்கே கோவளம், முட்டுக்காடு தொடங்கி மேற்கே முடிச்சூர் வரையிலும், தெற்கே செங்கற்பட்டை அடுத்த திருமணி வரையிலும் பரந்த இந்நிலப்பகுதியில், கடந்த நூறாண்டுக் காலத்தில் பலவகை உறைவிடங்கள் தோன்றின. மருத்துவமனை, காப்பில்லம், தேசிய நிறுவனம், அடுக்குமாடிக் குடியிருப்பு, வாடகை வீடு ஆகிய அனைத்தையும் ஓரிடத்தே காணும் வாய்ப்பு ஈண்டு உண்டு.

உறைவிட உதவிக்கு உறுப்புகள் மூன்று. தங்குதற்குக் கூரை ஒன்று. அக்கூரையின்கீழ்ப் புகவும் அதனின்று வெளிப்போந்து ஊரோடு கலக்கவும் வழி ஒன்று. அன்றாட வாழ்வில் உடனிருந்து உதவும் துணை ஒன்று. இம்மூன்றும் ஒருங்கு வாய்த்தவிடத்தே வீடு அமையும். கூரை மட்டும் வாய்த்தவிடத்தே காப்பிடமே அமையும். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு உறுப்பே வழங்கப்பட்டது என்பதும், மூன்றையும் ஒருங்கு வழங்கும் கடமை இன்று நம் தலைமுறையின்பால் வந்து நிற்கின்றது என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்படும்.

1. இலக்கியமும் கல்வெட்டும்

உறுப்புக் குறைபாடுகளை எட்டாக எண்ணிக் கூறும் புறநானூற்று 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது. குருடு, கூன், ஊமை, செவிடு முதலியன ஆண்டு எண்ணப்பெறுகின்றன. உறுதிப்பொருள்களை எய்துதற்கு உதவாத பிறப்பு என்னும் கருத்தே அங்கு மேலோங்கி நிற்கின்றது. அத்தகையோர் வாழுமிடம் பற்றிய குறிப்பு இல்லை.

மணிமேகலையில் இந்நிலை மாறுகின்றது. ஊரால் வெறுத்து ஒதுக்கப்பட்ட ஆபுத்திரன் மதுரை மூதூரை அடைந்து, சிந்தாதேவியின் கோயிலை ஒட்டிய அம்பலத்தில் தங்குகின்றான். பகலெல்லாம் செல்வர் மனைகளில் இரந்து பெற்ற உணவைக் கண்ணற்றோர், காது கேளாதோர், கால் முடம்பட்டோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டுகின்றான். எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டினைத் தலைக்கு அணையாக வைத்துத் துயில்கின்றான். பின்னர் அவன் பெற்ற அமுதசுரபி மணிமேகலையின் கைப்பட்டுப் புகாரின் உலகவறவியில் இப்பணி தொடர்கின்றது.

இப்பகுதியை அருள் நோக்கிற்குச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். உறைவிட வரலாற்றை ஆராய்வோர் வேறொன்றையும் கருதுதல் வேண்டும். அம்பலம் எல்லார்க்கும் உரிய பொதுவிடம். எனவே எவர்க்கும் தனியுரிமை இல்லாத இடம். ஆண்டு வந்தோர்க்கு உணவு கிடைத்தது; இரவு கழிந்தது. உண்டவர்க்கு மறுநாள் எங்கு விடிந்தது என்பதைக் காப்பியம் கூறிற்றில்லை.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு ஈண்டு ஒப்புநோக்கத் தக்கன. அவற்றுள் ஒன்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில் உள்ளது. வீரராசேந்திரன் காலத்ததாகிய (கி.பி. 1063–1070) அக்கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயரால் அமைந்த ஆதுலர் சாலையைக் குறிக்கின்றது. நோயாளர்க்குப் படுக்கை 15, மருத்துவர், அறுவை செய்வார், பணிப்பெண்டிர், மருந்து வகைகள் எனப் பலவற்றுக்கும் ஒதுக்கீடு கூறப்படுகின்றது. மருத்துவ வரலாற்றில் அது சிறப்பிடம் பெறுவதாயினும், அச்சாலை கோயிலைச் சார்ந்த மாணாக்கர்க்கும் பணியாளர்க்கும் உரியதாகவே இருந்தது. நோய் தீருங்காறும் தங்கும் இடமாகிய அதனை வாழும் இடமாகக் கொள்ளுதல் இயலாது.

மற்றொன்று விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் உள்ளது. அக்கோயிலில் திருப்பதியம் பாடுதற்குக் கண்ணொளி இழந்தோர் 16 பேர் அமர்த்தப்பெற்றனர்; அவர்க்கு ஊதியம் வகுக்கப்பெற்றது. அவரோடு இருவர் உடன் அமர்த்தப்பெற்றனர். அவ்விருவர்க்குக் கல்வெட்டு வழங்கும் பெயர் கண்காட்டுவார் என்பது. பிறர்க்குக் கண்ணாக நின்று வழிகாட்டுவோர் என்பது அதன் பொருள்.

இச்சொல் ஆழ்ந்து நோக்கத் தக்கது. பாடுவோர் இரவலராகக் கருதப்பெற்றிலர். பாட்டுத் தொழிலுக்கு உரியராகக் கருதப்பெற்றனர். அவர்தம் தொழில் நடைபெறுதற்கு வேண்டிய துணையும் அறக்கட்டளையின் செலவிலேயே சேர்க்கப்பெற்றது. துணை என்பது உறவினர் இரக்கத்தால் செய்வது என்று விடப்பட்டிலது. பெயரும் ஊதியமும் உடைய ஒரு பணியாக அது வகுக்கப்பெற்றது. இக்காலத்தார் தனி உதவியாளர் என்று கூறும் கருத்தின் மிகப் பழைய தமிழ் வடிவம் கண்காட்டுவார் என்னும் இச்சொல்லில் உறைகின்றது எனல் மிகையாகாது.

2. நகருக்குப் புறத்தே

ஆங்கிலேயர் ஆட்சியில் உறைவிடம் பற்றிய நோக்கு வேறு திசையில் திரும்பிற்று. சென்னையில் உளநோயாளர்க்கென ஒரு காப்பகம் 1794ஆம் ஆண்டில், வாலண்டைன் கனோலி என்னும் அறுவை மருத்துவரின் பொறுப்பில் தோன்றியது. 1871ஆம் ஆண்டில் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாற்றப்பெற்றது. இன்று நகரின் நடுவில் உள்ள கீழ்ப்பாக்கம் அன்று தோட்டங்கள் நிறைந்த ஊர்ப்புறம். கூட்டத்தினின்று விலகிய வெளி நோயாளர்க்கு நன்று என்னும் எண்ணமும், நோயாளர் கண்ணிற் படாமை ஊரார்க்கு நன்று என்னும் எண்ணமும் அம்மாற்றத்தில் ஒன்றுகூடி நின்றன எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் தெற்கு நோக்கிச் சென்றது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை 1920களில் அமைந்தது. அதுவே 1955ஆம் ஆண்டில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக மாறிற்று. தாம்பரத்தை ஒட்டிய குன்றடியில், ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தில், டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டில் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய மருத்துவமனையை நடத்திப் பயின்றவர் அவர். தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருந்து என்னும் கொள்கையர். 1937ஆம் ஆண்டில் அரசு அதனை ஏற்றது. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையப் பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகின்றது.

காசநோய் ஊனமன்றே, அதனை ஈண்டுக் கூறுதல் என்னையோ எனின், கூறுதும். உறைவிட வரலாற்றில் நோயின் வகையினும் இடத்தின் வகையே முதன்மையுடையது. காற்றோட்டமும் குறைந்த விலை நிலமும் இரயில் வசதியும் ஒருங்கு வாய்த்த இப்புறநகர், நகரத்தார் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பாதோரை வைத்துப் பேணும் இடமாகப் பழகிற்று. 2005ஆம் ஆண்டில் முட்டுக்காட்டில் தேசியப் பன்முகக் குறைபாடுடையோர் நிறுவனம் தொடங்கப்பெற்றபொழுதும் கடற்கரைச் சாலையின் புறவெளியே வாய்த்தது. அந்நிறுவனம் ஆற்றும் பயிற்சிப் பணியும் மருத்துவப் பணியும் பெரும்பயன் உடையன என்பதில் ஐயமில்லை. ஈண்டுச் சுட்டக் கருதியது இடத்தேர்வில் தொடரும் பழக்கமே.

புறநகர் என்னும் சொல்லின் முதலுறுப்பு இவ்வரலாற்றுக்கு மிகவும் இயைந்தது. புறத்தே வைக்கப்பட்டோர்க்குக் கூரை கிடைத்தது, வழி கிடைத்திலது. தொழுநோய் நீங்கிய பின்னும் வீடு திரும்ப இயலாமல், மருத்துவமனையை அடுத்த குடியிருப்புகளிலேயே வாழ்ந்து முடிந்தோர் நாடெங்கும் பலர். தொழுநோயாளரைப் பிரித்து வைத்தற்கு இடந்தந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பெற்றது என்பது எண்ணத் தக்கது.

இதனிடையே நகரம் வளர்ந்தது. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 2021ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம் முதலிய நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. நகருக்குப் புறத்தே என்று எண்ணிக் கட்டப்பெற்றவை நகருக்கு உள்ளேயே வந்துவிட்டன. ஆயின் அவற்றின் மதில்கள் மட்டும் அகன்றில.

3. ஏர்வாடியும் சட்டமும்

மதிலுக்குள் வைத்துக் காத்தல் என்னும் நெறியின் கொடுமுடியை இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் நாடு கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், ஆண்டு இருந்த தனியார் உளநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் தப்ப இயலாது 28 பேர் இறந்தனர். உச்சநீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. கூரை இருந்தது, உணவும் இருந்தது, வழி மட்டும் பூட்டப்பட்டிருந்தது. கூரை ஒன்றே உறைவிடம் ஆகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

உலக அளவில் இந்நெறிக்கு மாறான சிந்தனை முன்னரே எழுந்திருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கைகால் செயலற்ற எட் ராபர்ட்சும் அவர்தம் தோழரும் 1972ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சார்பிலா வாழ்வுக்கான மையம் ஒன்றை நிறுவினர். பிறர் உதவியைப் பெறுதலும் தன் வாழ்வைத் தானே நடத்துதலும் தம்முள் முரணாகா என்பது அவர்தம் கொள்கை. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு இக்கொள்கையை உரிமையாக வகுத்தது. இந்தியா 2007ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை உறுதி செய்தது.

அதன் வழியே தோன்றிய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. தொழுநோயினின்று மீண்டோரும் உளநோயுற்றோரும் அவற்றுள் அடங்குவர். அதன் 5ஆம் பிரிவு, ஊரோடு ஒன்றி வாழும் உரிமையைக் கூறுவதோடு, குறித்த ஓர் உறைவிடத்தில்தான் வாழ்தல் வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் விதிக்கின்றது. தனி உதவியாளர் உள்ளிட்ட துணையையும் அப்பிரிவு எண்ணுகின்றது. 37ஆம் பிரிவு அரசின் வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு 5 பங்கினை ஒதுக்குகின்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவோ, குடும்பம் இல்லை என்றோ, குடும்பம் ஏற்கவில்லை என்றோ, வீடில்லை என்றோ காரணம் காட்டி ஒருவரை மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருத்தலைத் தடுக்கின்றது.

சட்டத்தின் சொற்களை இலக்கிய மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மணிமேகலையின் அம்பலத்தில் உண்போர்க்கு உரிமை இல்லை. ஊட்டுவோர்க்கு அறம் உண்டு. இச்சட்டத்தில் அறம் என்னும் சொல்லின் இடத்தை உரிமை என்னும் சொல் பெறுகின்றது. கொடுப்போரை நோக்கி நின்ற சொல் பெறுவோரை நோக்கித் திரும்பிய மாற்றம் இது.

4. அடைக்கலத்தினின்று வீட்டிற்கு

இம்மாற்றத்தைச் செயலிற் காட்டிய முயற்சிகளுள் தி பேனியன் என்னும் அமைப்பின் வரலாறு தனித்து ஆராயத் தக்கது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரும் 1993ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். வீடிழந்து தெருவில் வாழ்ந்த உளநோயுற்ற பெண்டிர்க்கு முகப்பேரில் அமைந்த இடம் அடைக்கலம் எனப் பெயர் பெற்றது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே பெயராக நின்ற சொல் அது. ஒருவரைப் பிறரொருவர் காவலில் சிலகாலம் வைத்தல் என்பதே அதன் பொருள். அடைக்கலம் தற்காலத்தது, அதன்பின் ஒரு போக்கிடம் இருத்தல் வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

நலம் பெற்றோர் பலர் தம் குடும்பத்தாரிடம் திரும்பினர். திரும்ப இயலாதோர் சிலர் எஞ்சினர். அவர் வாழ்நாள் முழுதும் காப்பிடத்திலேயே கழிதல் தகுமோ என்னும் வினா எழுந்தது. கடற்கரையை ஒட்டிய கோவளப் பகுதியில் குழுவாக வாழும் வீடுகள் அமைக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டில் மீண்டும் வீடு என்னும் பொருள்படும் பெயரால் ஒரு திட்டம் உருவாயிற்று. ஊரின் நடுவே வாடகைக்கு வீடு எடுக்கப்படும். நால்வர் அல்லது ஐவர் ஒரு குடும்பம் போல அதில் வாழ்வர். உதவியாளர் ஒருவர் உடனிருப்பார் அல்லது வந்து செல்வார். சமைத்தல், கடைக்குச் செல்லுதல், அண்டை வீட்டாரோடு அளவளாவுதல், விரும்பின் வேலைக்குச் செல்லுதல் ஆகியன அவர்தம் விருப்பின் வழி நடைபெறும். தமிழ்நாட்டில் தொடங்கிய இம்முறை கேரளத்துக்கும் அசாமுக்கும் பரவியது.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி பயன் தரும். இல் என்னும் அடியினின்று தோன்றிய இல்லம் என்னும் சொல் இலக்கியத்தில் மனையையே குறித்தது. இக்காலத்துப் பெயர்ப்பலகைகளிலோ முதியோர் இல்லம், மறுவாழ்வு இல்லம், குழந்தைகள் இல்லம் என நிறுவனத்தைக் குறிக்கும் சொல்லாக அது மாறிவிட்டது. வீடு என்னும் சொல்லை எந்நிறுவனமும் எளிதில் தன் பெயராக ஏற்பதில்லை. விடு என்னும் முதனிலை திரிந்து வீடு என நின்றது. விடுதலை என்பதும் அதன் பொருள். பூட்டும் மணியோசையும் வரிசையும் உள்ள இடத்தைத் தமிழர் வீடு என்று கூறார். மக்கள் வழக்கு இவ்வேறுபாட்டைச் சட்டத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது.

அன்றியும், அவ்வீட்டில் உடனிருக்கும் உதவியாளர் யார்? திருவாமாத்தூர்க் கல்வெட்டின் கண்காட்டுவாரே அவர். வாழ்வோரின் வாழ்வைத் தாம் வாழாமல், அது நடைபெறுதற்கு வேண்டிய அளவில் மட்டும் துணை நிற்றல் அவர் தொழில்.

5. படியும் வெள்ளமும்

கூரையும் துணையும் அமைந்தபின் எஞ்சி நிற்பது வழி. தென்சென்னைப் புறநகரில் இதுவே பெருந்தடையாக உள்ளது. காரணம் வெறும் அலட்சியம் மட்டும் அன்று. நிலத்தின் இயல்பும் அதில் கலந்துள்ளது.

இப்பகுதி ஏரிகளும் சதுப்பு நிலமும் நிறைந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. அதன்பின் புதுவீடு கட்டுவோர் அடித்தளத்தை உயர்த்தினர். பழைய வீட்டையே தாங்கிகளின்மேல் தூக்கி உயர்த்துவோரும் உளர். மேலும், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார் இடுவதால் தெரு ஆண்டுதோறும் உயர்கின்றது. தெரு உயர வீட்டு வாயிலும் உயர்கின்றது. ஆகவே தெருவுக்கும் வாயிலுக்கும் இடையே நான்கு படி, ஐந்து படி என ஏறுகின்றது. வெள்ளத்தினின்று குடும்பத்தைக் காக்கும் அப்படிகளே சக்கர நாற்காலியில் இயங்குவோரை வீட்டினுள் சிறைப்படுத்துகின்றன.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் சரிவில் அமைந்த தளமே சக்கர நாற்காலிக்கு ஏற்றது என்றும், கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்றும் மத்திய அரசின் நெறிமுறைகள் கூறுகின்றன. மூன்றடி உயர்ந்த வாயிலுக்கு முப்பத்தாறடிச் சரிவு வேண்டும். குறுகிய மனையில் அது அமைவது அரிது. எனவே தனி வீட்டாரிடம் மட்டும் பொறுப்பை விடுதல் பயன் தராது. தெருவின் மட்டத்தை உயர விடாது காத்தலும், பல வீட்டுக்குப் பொதுவாகச் சரிவுத் தளம் அமைத்தலும், மின்தூக்கி உள்ள குடியிருப்பில் இடம் ஒதுக்குதலும் உள்ளாட்சியின் கடமையாகின்றன.

அரசின் மறுகுடியமர்வுப் பகுதிகளாகிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியன இப்புறநகரிலேயே உள்ளன. பெரும்பாக்கத்தில் தரைத்தளத்தின் மேல் ஏழு மாடி எனக் கட்டப்பெற்ற தொகுதிகளில் மின்தூக்கியே வழி. அது பழுதுறும் நாளில் மேல்மாடியில் வாழ்வோர்க்கு மருத்துவமனையும் பள்ளியும் பணியிடமும் ஒருங்கே தொலைவாகின்றன. நூற்றுக்கு 5 பங்கு ஒதுக்கீடு எண்ணிக்கையில் நிறைவேறினும், எந்தத் தளத்தில், எத்தகைய கழிப்பறையுடன், பேருந்து நிறுத்தத்தினின்று எவ்வளவு தொலைவில் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தாலன்றி அவ்வொதுக்கீடு வீடாகாது.

பொதுவிடங்களைப் பற்றிய சட்டநிலையும் ஈண்டு அறியத்தக்கது. ராஜீவ் ரதூரி என்பார் தொடுத்த வழக்கில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அணுகுதகைமை பற்றிய நெறிகளை வெறும் பரிந்துரையாக வைத்தல் சட்டத்துக்கு முரண் என்றும், மாற்றவொண்ணாக் கட்டாய நெறிகளை வகுத்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. தமிழ்நாட்டு அரசு உலக வங்கியின் துணையுடன் 2022ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட உரிமைகள் திட்டத்தின்கீழ், மருத்துவம், பயிற்சி, உதவிக் கருவி ஆகியவற்றை ஓரிடத்தே தரும் விழுதுகள் என்னும் சேவை மையங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று சோழிங்கநல்லூரில் அமைந்தது. தொலைவிலுள்ள பெருநிறுவனத்தை நாடிச் செல்லாமல், வாழுமிடத்தை அடுத்தே உதவி பெறுதல் என்னும் நெறிக்கு இது இயைந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான் பின்வருவன போதரும். காப்பியக் காலத்து அம்பலம் உணவு தந்தது, உரிமை தந்திலது. சோழர் காலத்துத் திருவாமாத்தூர் அறக்கட்டளை தொழிலும் துணையும் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் காப்பிடங்கள் கூரை தந்தன. அதனை ஊருக்குப் புறத்தே தந்தன. இந்நூற்றாண்டின் சட்டங்கள் மூன்றையும் உரிமையாக வகுத்தன. அவ்வுரிமை தெருவின் முதற்படியில் இன்னும் தடைப்பட்டு நிற்கின்றது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். அவருள் பெரும்பாலோர் எந்நிறுவனத்திலும் இல்லை. தம் குடும்பத்தாரோடு வாழ்கின்றனர். அவர்க்குக் கண்காட்டுவாராக நிற்போர் தாயும் மனைவியும் உடன்பிறந்தாளுமே. அப்பணிக்குப் பெயரும் இல்லை, ஊதியமும் இல்லை. கடுமையான குறைபாடுடையோர்க்கு மாநில அரசு வழங்கும் திங்கள் உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. மிகுதியான துணை வேண்டுவோரின் பராமரிப்பாளர்க்குத் தனியே உதவித்தொகை அளிக்கும் கடமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அரசின்மேல் வைக்கின்றது. அப்பிரிவு முழுமையாக நடைமுறைக்கு வருமாயின், சோழர் காலத்துக் கல்வெட்டொன்று பதினாறு பேர்க்குச் செய்த ஏற்பாட்டை இந்நாடு இலட்சக்கணக்கானோர்க்குச் செய்ததாகும்.

கல்வெட்டாராய்ச்சியில் ஈடுபட்டோர் கோயிற் பணியாளர் பட்டியல்களை இந்நோக்கில் மீண்டும் படித்தல் வேண்டும். கண்காட்டுவார் போன்ற பணிப்பெயர்கள் வேறு கோயில்களிலும் கிடைக்குமாயின், துணை என்னும் கருத்தின் தமிழ் வரலாறு மேலும் தெளிவுறும். இன்றைய சட்டத் தமிழுக்கும் ஆட்சித் தமிழுக்கும் வேண்டிய சொற்கள் அவ்வரலாற்றுள்ளேயே கிடைத்தல் கூடும்.